பொருள் எண் பதினான்கு

குப்பைக் கிடங்கோடு
இன்னும் இரண்டு ஏக்கர் முப்பது சென்ட் சேர்ப்பது குறித்து
பதினோரு மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸ்.
மணி பன்னிரண்டே கால்.
சமுதாயக் கூடத்து ஜன்னலை யாரோ சாத்தினார்கள்.
குளிருக்கு என்றார்கள்.
குளிருக்கு இல்லை என்பது
மூக்கு உள்ள எல்லோருக்கும் தெரியும்.

தீர்மானப் புத்தகம் என் மடியில்.
தவிட்டுமட்டம் பேரூராட்சியில் பதினெட்டு வருடமாக
பேசுவதை எழுதுகிறவன் நான்,
பேசுகிறவன் இல்லை.

பெள்ளா கவுடர் முதலில் எழுந்தார்.
கிடங்குக்கு நேர் கீழே அவருடைய கேரட்.
போன ஐப்பசி மழையில் கரை உடைந்து
பாத்திக்குள் கறுப்பாகத் தண்ணீர் இறங்கியதையும்
மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டையை மோந்து பார்த்து
திருப்பி அனுப்பியதையும் சொன்னார்.
"கேரட்டைக் கழுவலாம். மண்ணைக் கழுவ முடியுமாங்க?"
எழுதினேன்: விவசாயிகள் தரப்பில் ஆட்சேபணை.

மூடிவிட்டால் சீசனில் நாலு லோடு
என் கேட் முன்னால் கிடக்கும், யார் ரூம் எடுப்பார்கள்
என்றார் காட்டேஜ் இம்மானுவேல்.
எழுதினேன்: ஆதரவு.

தெபோராள் டீச்சர் பேசவில்லை. ஒரு போட்டோ நீட்டினார்.
காட்டுமாடு. வாயில் நீலப் பை,
பாதி உள்ளே, பாதி வெளியே,
எது நாக்கு எது பை என்று தெரியவில்லை.
கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது.
புத்தகத்தில் அதற்குப் பத்தி இல்லை.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில்.
டூரிஸ்ட் குப்பை.
இல்லை, மேல் வார்டுக் குப்பை.
மேல் வார்டு எழுந்து நின்று, கீழ் வார்டுக் குப்பை.
கேட்டுக்கொண்டே இருந்தால்
இந்த ஊரில் யாரும் இதுவரை
ஒரு முட்டை ஓட்டைக்கூட எறிந்ததில்லை.

அப்போதுதான் கதவோரமிருந்து பவளக்கொடி.
கம்பூட்ஸை வெளியே கழற்றி வைத்துவிட்டு
வெறுங்காலோடு சிமென்டில் நின்றிருந்தாள்.
கண்டியிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம்.
கொழுந்து பறித்தாள், கம்பெனி மூடியது,
இருபத்திரண்டு வருடமாகக் கிடங்கில் தரம் பிரிக்கிறாள்.

"யாரு குப்பைன்னுதானே சண்டை?
என்னையக் கேளுங்க."

ஒரு நாற்காலி கிறீச்சென்றது.
இம்மானுவேல் போனை எடுத்துப் பார்த்தார், அடிக்கவே இல்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.
எங்கள் மலையில் காலி பாட்டிலைக் கடையில் கொடுத்தால்
பத்து ரூபாய் திரும்ப வரும்.
நான் கொடுப்பதில்லை. கொடுக்கப் போனால்
எத்தனை என்று எண்ணுவார்கள்.
பழைய அஜெண்டா தாளில் சுற்றி,
தக்காளித் தோலுக்கு அடியில் வைத்து,
கறுப்புப் பையில் கட்டிவிடுவேன்.
அந்தத் தாளில் என் கையெழுத்து இருக்கும்
என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தாளா, தெரியாது.
எல்லோருமே அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"சொல்ல மாட்டேன்," என்றாள். "அதுக்கு வரல.
போன மாசம் மேடு சரிஞ்சு இடுப்பு வரைக்கும் நின்னேன்.
பெருசு பண்றதுன்னா மேல ஒரு கூரை போடுங்க.
மூடுறதுன்னா நாங்க ஒம்பது பேரு
எங்க போறதுன்னு சொல்லுங்க.
ரெண்டையும் எழுதிக்குங்க சார்."

ஆதரவுக்கு ஒரு பத்தி. ஆட்சேபணைக்கு ஒரு பத்தி.
நடுவில் உள்ள கோட்டின் மேலேயே எழுதினேன்.
தலைவர் எட்டிப் பார்த்து
"என்னய்யா கோணலா இருக்கு" என்றார்.
பொருள் ஒத்திவைக்கப்பட்டது.
டீ வந்தது.

ராத்திரி பாட்டிலைச் சுற்றத் தாள் தேடினேன்.
கையில் கிடைத்தது கூட்ட நோட்டீஸ்.
அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.
பாட்டிலைச் சுற்றாமலே போட்டேன்,
எல்லாவற்றுக்கும் மேலாக.
பிரிக்கிற வேலை ஒன்றாவது
அவளுக்கு மிச்சம்.